மாதாவை மூடிவைத்த வாரம்

கரும்பலகையில் எப்படி எழுதுவது, பாடத்தை எந்த மாதத்துக்குள் முடிப்பது, வருகைப் பதிவைக் காலையில் எத்தனை மணிக்குள் செல்போனில் ஏற்றுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வீர்கள். அதற்காக நான் எழுத உட்காரவில்லை. ஆரணியில் எங்கள் பங்குப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. அதில் ஒரே ஒரு வாரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் நான் வடிகட்டின முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். ஆனாலும் என் வேலைக்காலத்தில் எதைப் பெருமையாக நினைக்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்த வாரத்தைத்தான் சொல்வேன்.

முதலில் பள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். கோயிலும் பள்ளியும் ஒரே வளாகம், ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி. கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை, அதைச் சேர்ந்த கத்தோலிக்க மக்களைத்தான் பங்கு என்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்காரும் முகங்கள் வேறு, திங்கட்கிழமை பள்ளியில் உட்காரும் முகங்கள் வேறு. எங்கள் பிள்ளைகளில் கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பட்டு நெய்கிற தெருக்களின் பிள்ளைகள், கண்ணமங்கலம் சாலையில் உள்ள ஊர்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள், விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறி செய்யாருக்கு ஷிப்ட்டுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். இந்த ஊர்ப் பட்டுக்கடை எதிலாவது போய் என் பெயரைச் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்பார், வாய்ப்பாடு தப்பாகச் சொல்லி என்னிடம் குட்டு வாங்கிய ஆளாக இருப்பார். எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வயதான காலத்தில் அதை எதற்கு மறைக்க வேண்டும்?

நடந்தது கார்த்திகை மழையில். ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போன நேரம், இரண்டாம் வகுப்பின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து பெஞ்சுமேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஐந்து நிமிடம் முந்தி விழுந்திருந்தால் அந்தப் பெஞ்சில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். மறுநாள் பொறியாளர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பழுது பார்த்து முடிக்கும்வரை ஒரு பிள்ளைகூட உள்ளே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கல்வி அலுவலர் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமைக்குள்ள பாதுகாப்பான எடம் ஒண்ணு காட்டுங்க டீச்சர். இல்லன்னா பசங்கள பக்கத்துல இருக்கற ரெண்டு ஸ்கூலுக்குப் பிரிச்சு அனுப்பிடலாம். தற்காலிகமாத்தான்" என்றார்.

தற்காலிகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இப்படித் தற்காலிகமாகப் பிரிந்துபோன பள்ளி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தைச் சரிசெய்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், வாசலில் வாழைமரம்கூடக் கட்டினார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இப்போது அங்கே நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. அதனால் திங்கட்கிழமை என்று அவர் சொன்னது எனக்குப் பள்ளி இருக்குமா, இழுத்து மூடப்படுமா என்றுதான் கேட்டது.

மூன்று நாள் ஊரைச் சுற்றினேன். கல்யாண மண்டபங்களை முகூர்த்தங்களுக்காக ஏற்கனவே பதிவு செய்திருந்தார்கள். பழைய மாணவர் ஒருவர் தன் விசைத்தறிக் கூடத்தில் பாதியைக் காலி செய்து தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. மறுபாதியில் தறி ஓடும்போது நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. மிச்சம் இருந்தது கோயில் ஒன்றுதான்.

கோயிலைக் கேட்பது லேசில்லை. அங்கே பேழையில் நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், இருக்கிறது. ஆண்டவரே அங்கே இருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை, அதனால் உள்ளே யாரும் குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார்கள். பங்குத்தந்தை வந்து ஆறு மாதமே ஆன இளைஞர். பங்குத்தந்தைதான் பள்ளிக்கும் தாளாளர். சனிக்கிழமை அவர் பங்குப் பேரவையைக் கூட்டினார். பேரவை என்றால் சூசையண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியாக வேலை பார்த்தவர், கோயிலின் தரை முழுக்க அவர் கையால் போட்டது. அதில் யாராவது எச்சில் துப்பினால் அவருக்குத் தன் முகத்தில் துப்பிய மாதிரி.

"ஃபாதர், பசங்க ஓடுவானுங்க, கத்துவானுங்க, சோத்தக் கொட்டுவானுங்க. சாமி கீற எடத்துல இதெல்லாம் நடக்கலாமா?" என்று கேட்டார் சூசையண்ணன்.

"சாமிய என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன் அண்ணே. பிஷப்கிட்டயும் போன்ல கேட்டுட்டேன். சனி ஞாயிறு கோயிலுக்கு வந்துடுவாரு, மத்த நாள்ல என்கூட இருப்பாரு."

"அப்ப, பசங்களுக்கு எடம் கீது, சாமிக்கு எடம் இல்ல."

"அவருக்கு என் ரூம் இருக்குண்ணே. பசங்களுக்குத்தான் வேற எடம் இல்ல" என்றார் பங்குத்தந்தை.

சூசையண்ணன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை நற்கருணையைத் தன் அறைக்கு எடுத்துப் போனார். பேழைக்கு அருகில் எப்போதும் எரிகிற சிவப்பு விளக்கை அணைத்தார். பிறகு மறைமாவட்டக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார், புதன்கிழமை மாலைதான் வருவார். நானும் இரண்டு ஆசிரியைகளும் பெஞ்சுகளை வகுப்புவாரியாகத் திருப்பிப் போட்டோம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இனிமேல்தான் என் புத்திசாலித்தனம் ஆரம்பிக்கிறது.

அந்த நாட்களில் செல்போன்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பள்ளியில் பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள் என்று ஒருவர் அதில் கத்திக்கொண்டிருப்பார். எங்கள் ஊர்க்காரர் யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நாளைக் காலையில் நெசவுத் தெரு அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது எதிரே மாதா, சூசையப்பர், அந்தோனியார் என்று வரிசையாக நின்றால் என்ன நினைப்பார்கள்? பள்ளிக்கு அனுப்பினோமா, கோயிலுக்கு அனுப்பினோமா என்று கேட்டால் என்ன சொல்வேன்?

கோயில் அலமாரியில் ஊதாத் துணிகள் இருந்தன. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் கடைசி நாட்களில் சொரூபங்களை மூடிவைக்க எடுப்போம், அது துக்க காலம். அந்தத் துணிகளை எடுத்து நானே எல்லாச் சொரூபங்களையும் தலையிலிருந்து கால்வரை போர்த்திவிட்டேன். கூட இருந்த ஆசிரியை, "ஃபாதர ஒரு வார்த்த கேட்டுக்கலாமா டீச்சர்?" என்றார். "கூட்டத்துல இருப்பாரு, தொந்தரவு பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டேன். யாரும் வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டோம் என்று மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கட்கிழமை கல்வி அலுவலர் வந்து பார்த்தார், இடம் பிடித்திருந்தது. "வெள்ளிக்கிழமை வந்து தலைய எண்ணுவேன். பசங்க வராம பாதி பெஞ்சு காலியா கெடந்தா, பிரிச்சு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வரமாட்டார்களா என்ன என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நெசவுத் தெருப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. மழை என்று நினைத்தேன். அன்று மத்தியானம் சூசையண்ணன் வந்தார், வாசலிலேயே நின்றார்.

"யாரு செத்துட்டாங்க டீச்சர்?"

"இன்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க?"

"துக்கத்துக்குப் போடற துணிய கார்த்திக மாசத்துல போட்டு வெச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். சாமிய வெளிய அனுப்பனது பத்தலன்னு பெத்த தாயையும் மூடிட்டீங்க. நம்மளப் பாத்து நாமளே வெக்கப்படறமா?"

எனக்குக் கோபம் வந்தது. பள்ளியைக் காப்பாற்ற நான் படும் பாடு இந்த மனுஷனுக்குப் புரியவில்லையே என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் நாளைக்குப் பேரவை ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நெசவுத் தெரு அம்மாக்கள் கூட்டமாக வந்தார்கள். குழித்தறிகளில் மழைத்தண்ணீர் ஊறி அந்தத் தெருவில் வேலை நின்றிருந்தது. வேலை நின்ற தெருவில் பேச்சு நிற்காது. பிள்ளைகளையும் கையில் பிடித்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு தாள். டி.சி. கேட்டு எழுதிய கடிதம். கோயிலுக்குள் போட்டிருந்த என் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளியின் பாதி என் மேசைமேல் காகிதமாகக் கிடந்தது.

முன்னால் நின்றவள் தேவகி. அவளுடைய மகள் பிரியா மூன்றாம் வகுப்பு. தேவகி வீட்டில் கைத்தறி. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் திருவிழாவுக்கு மாதா உடுத்தும் பட்டு அந்த வீட்டுத் தறியிலிருந்துதான் வரும். கல்யாணப் புடவை நெய்து முடித்த பாவு நூலின் கடைசியில் மாதாவுக்கென்று ஒரு துண்டு தனியாக நெய்வார்கள். அதைத் தட்டில் வைத்துக் கோயிலில் கொடுத்துவிட்டுப் போவாள். அவர்கள் சைவ வீட்டுக்காரர்கள், நெற்றியில் விபூதி இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்கு டீச்சர் மாதாவ மூடி வெச்சிகினு கீறீங்க?" என்று கேட்டாள்.

என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. இது எங்கள் கோயில் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். வருடத்தில் சில நாள் மூடுவது வழக்கம்தானே, யார் வந்து மாதக் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"எம் பொண்ணு மூணு வயசு வரைக்கும் ஒரு வார்த்த பேசல. எங்கெங்கியோ போயி பேஜார்பட்டு, கடசில இங்க வந்துதான் வேண்டிகினேன். அது பேசுச்சு. அன்னிலேர்ந்து புடவ குடுக்கறோம். இப்ப எங்க பசங்கள உள்ள உக்கார வெச்சிட்டு அவங்க மொகத்த மூடிட்டீங்க." என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "நாங்க பாத்தா உங்க சாமிக்குத் தீட்டாங்க டீச்சர்?"

நான் யார் என்று உங்களுக்கு இப்போது சொல்லியாக வேண்டும். என் அப்பா தேசூர் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். எங்கள் ஊரில் தேர் ஓடும் தெருவுக்குள் அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. சாமியை அவர் பார்த்தால் தீட்டு என்று சொன்ன ஊர் அது. இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை, கேட்க அவருக்கு இடமும் இல்லை. அவருடைய மகளான நான் படித்து, டீச்சராகி, பெரிய டீச்சராகி, ஒரு கோயில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பெண்ணை அதே கேள்வியைக் கேட்கவைத்துவிட்டேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

அந்த நேரத்தில் வாசலில் சூசையண்ணன் இரண்டு பேரவை ஆட்களோடு வந்து நின்றார். ஒரு பக்கம் அம்மாக்கள், ஒரு பக்கம் பேரவை, நடுவில் பிள்ளைகள், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பொய்யைச் சொன்னால் சூசையண்ணனுக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் எல்லார் முன்னாலும் என் மானம் போகும். மானம் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"தீட்டு இல்லம்மா, பயம். நீங்க இன்னா நெனைப்பீங்களோன்னு நானே பயந்துகினு மூடிட்டேன். யாரும் சொல்லல, ஃபாதருக்குக்கூடத் தெரியாது. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு எம்மேலதான்" என்றேன்.

நானே போய்த் துணியை இழுத்துப் போட்டிருக்கலாம், கை அதற்குத்தான் போனது. ஆனால் நான் மூடியதை நானே திறந்தால் தேவகியின் கேள்விக்கு அது பதில் ஆகாது. "நீங்களே எடுத்துடுங்கம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் பங்கில் மாதாவுக்குப் புடவை சாத்துவது மாதா சபைப் பெண்கள் மட்டும்தான், அதுவும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து சாத்துவார்கள். மற்றவர் யாரும் அந்தப் பீடத்தில் ஏறியதில்லை. இத்தனை வருடம் புடவை கொடுத்த தேவகியே அதைத் தூரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். அந்த வழக்கத்தைக் காவல் காத்தவர் சூசையண்ணன். தேவகிக்கும் அது தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற அவரைப் பார்த்தாள்.

சூசையண்ணன் எங்களைக் கடந்து பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனார். பூட்டை எடுத்துவந்து கோயிலைப் பூட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மாதா சபைப் பெண்கள் ஏறி நிற்கும் பழைய முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாதா பீடத்தின் முன்னால் போட்டு, குனிந்து ஒரு காலைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

"ஏறும்மா. இந்தக் காலு குட்ட, சாயும். நான் புடிச்சிகினு கீறேன்" என்றார்.

தேவகி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஊதாத் துணியை எடுத்து நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே பட்டின் கொசுவம் நசுங்கிப் போயிருந்தது. நெய்கிறவள் கை இல்லையா, விரல் நுனியாலேயே ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டாள். பெஞ்சிலிருந்து பிரியா, "அம்மா, அந்தப் பக்கம் ஜாஸ்தியா தொங்குது" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். முக்காலியைப் பிடித்திருந்த சூசையண்ணனும் தலையைக் குனிந்தபடியே சிரித்தார். இறங்கியதும் தேவகி மேசைப் பக்கம் வந்து கடிதங்களை மொத்தமாக எடுத்துக் கிழித்தாள். மற்ற அம்மாக்கள் அதற்குள் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார்த்திவிட்டார்கள். சூசையப்பரையும் அந்தோனியாரையும் பேரவை ஆட்கள் திறந்தார்கள்.

மாலையில் பங்குத்தந்தை வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்லவேள நான் ஊர்ல இல்ல டீச்சர். இருந்திருந்தா நானும் மூடத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

இளம் ஆசிரியர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வரும். அப்போது மற்றவர் மனசு புண்படக்கூடாது என்று நீங்களாகவே எதையாவது செய்யக் கை துறுதுறுக்கும். அந்த மற்றவர் தெருமுனையில்தான் இருக்கிறார், நடந்துபோய் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். நான் கேட்காமல் விட்டதற்கு மூன்று நாளும் ஏறக்குறைய ஒரு பள்ளியும் விலையாகப் போக இருந்தது. தப்பு செய்துவிட்டால் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டு. மரியாதை ஒன்றும் போகாது, முப்பத்தோரு வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டை வெளியே தார்ப்பாய்க்குக் கீழேதான் போட்டுக்கொண்டிருந்தோம். அன்று சாரல் சுழற்றி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு நனைந்தார்கள். சூசையண்ணனைக் கேட்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கோயிலுக்குள் பாயை விரித்துக்கொண்டிருந்தார். "சோறு ஆறிடும், ஜல்தியா உள்ள வாங்கடா" என்று குரல் கொடுத்தார். தேவகியும் இன்னும் இரண்டு அம்மாக்களும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். சூசையண்ணன் கையில் ஒரு ஈரத்துணியோடு பின்னாலேயே போனார். கொட்டிய ஒவ்வொரு பருக்கையையும் துடைத்தார், ஒரு பிள்ளையையும் திட்டவில்லை.

கல்வி அலுவலர் அந்த நேரத்தில்தான் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றினார். நனைந்த சாக்ஸோடு வரிசைக்கு வரிசை நடந்து தலைகளை எண்ணினார். என் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார், திரும்பவும் எண்ணினார். ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மழைத்தண்ணீர் என்று அவர் நினைத்திருப்பார்.

பிரிப்பதற்கு அவர் கொண்டுவந்திருந்த படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது ஏதோ விவரத்துக்காகக் கேட்டார்: "டீச்சர், இதுல உங்க பங்குப் பசங்க எத்தன பேரு?"

என்னிடம் சரியான எண்ணிக்கை இருந்தது. வகுப்புவாரியாகவே சொல்ல முடியும். பதிவேட்டில் ஒரு புள்ளி தவறினாலும் மறுபடி எழுதவைக்கிற ஆள் நான், அது இந்த வட்டாரத்தில் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். நான் சொல்வதற்குள், முழங்காலில் உட்கார்ந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சூசையண்ணன் நிமிர்ந்தார்.

"எல்லாமே எங்க பங்குப் பசங்கதான் சார்" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் தேவகி, நெற்றியில் விபூதியும் கையில் வாளியுமாக நின்றிருந்தாள். "ஆமாங்க சார்" என்றாள்.

அலுவலர் இருவரையும் பார்த்துவிட்டு, சரியான எண்ணுக்காக என் பக்கம் திரும்பினார்.

"அவங்க சொல்றது சரிதான் சார்" என்றேன்.